பில்லில் இருக்கும் அந்த 1,000 ரூபா

கேள்வி: ஐயா, திருகோணமலை உப்புவெளியில் ஆறு அறை கொண்ட சிறிய விடுதி நடத்துகிறேன். ஏப்ரல் 28ஆம் திகதி ரவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் ஒரு வருட அன்ரிவைரஸ் வாங்கினேன். கடைப் பெடியன் காலையில் லப்டொப்பை வாங்கி வைத்து, பின்னேரம் திருப்பித் தந்தான். அன்றிலிருந்து குரோமைத் திறந்தால் வேறொரு தேடல் பக்கம் வருகிறது. நான் நாலு வருடமாகப் பாவிக்கும் பாஸ்வேர்ட் மனேஜருக்கு மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்து, புக்கிங் தளத்துக்குப் பழைய பாஸ்வேர்டைப் போட்டுக்கொண்டே இருந்தது. சீசன் நேரத்தில் கணக்கு இரண்டு நாள் பூட்டுப்பட்டு, 1,80,000 ரூபா அளவில் புக்கிங் போனது. கேட்கப் போனால் முதலாளி ஆட்கள் முன்னால் "ஓகே அழுத்தினது நீங்கள்தானே அக்கா" என்று சிரித்தார். என் கணவரையும் மரியாதைக் குறைவாகப் பேசினார். இது ஹெக்கிங் இல்லையா? பொலிசில் கொடுக்கலாமா? நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா? பில்லில் லைசன்ஸ் 4,500, இன்ஸ்டலேஷன் 1,000 என்று இருக்கிறது.
ஒரு வாசகி, ஜூலை 9

பதில்: சகோதரி, முதலாளி சிரித்ததையும் கணவரோடு பேசிய விதத்தையும் ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் வழக்கு அதில் இல்லை. கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இன்ஸ்டலேஷன் 1,000 ரூபா என்று, உங்கள் வழக்கு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

லைசன்ஸை மட்டும் வாங்கிப்போய் நீங்களே போட்டிருந்தால், ஏற்கெனவே சரி அடையாளம் போட்டு வைத்திருந்த கட்டங்களைக் கவனிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்தியது உங்கள் சம்மதம் ஆகிவிடும். திரையில் அழுத்திய சம்மதம் என்பதற்காக மட்டும் அதைச் செல்லாது என்று தள்ள 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இடம் தராது. ஆனால் இங்கே கடை காசு வாங்கிக்கொண்டு ஒரு சேவை செய்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதத்தைச் சொல்லாமலே ஒப்பந்தத்துக்குள் வைக்கிறது. அன்ரிவைரஸ் போடச் சொன்ன இடத்தில் தேடல் பக்கத்தையும் பாஸ்வேர்ட் மனேஜரையும் மாற்றி, அதைச் சொல்லாமல் மெஷினைக் கையில் கொடுத்தால், தவறாக வழிநடத்துவது பற்றிய 30ஆம் பிரிவையும் எழுதலாம்.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: அந்த ஓகேயை யார், எப்போது அழுத்தியது? மெஷின் கடையில் இருந்த மணித்தியாலங்களிலா, உங்கள் வீட்டுக்கு வந்த பிறகா?

இதைக் கண்டுபிடிக்கலாம். தேடல் பக்கத்தையும் பாஸ்வேர்ட் மனேஜரையும் மாற்றுவது எக்ஸ்டென்ஷன், அதாவது குரோமோடு ஒட்டி இயங்கும் சிறு துணை மென்பொருள். வேறொரு மென்பொருள் உள்ளே தள்ளும் எக்ஸ்டென்ஷனைக் குரோம் தானாக இயங்க விடுவதில்லை. 2013இல் வந்த 25ஆம் பதிப்பிலிருந்தே நிறுத்தி வைத்து, சேர்க்கவா என்று கேட்கும். யாரோ ஒருவர் ஆம் என்று அழுத்தியிருக்க வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு அறை விடுதி லப்டொப்பில் அப்படி ஒரு வரி வர வேலையே இல்லை. வந்திருந்து, அந்த எக்ஸ்டென்ஷனில் அகற்றும் பொத்தானும் வேலை செய்யாவிட்டால், அது கொள்கை அமைப்பு வழியாக, அதாவது நிறுவனங்கள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்தப் பாவிக்கும் வழியில், திணிக்கப்பட்டது. அந்த வழியில் குரோம் யாரையும் கேட்பதில்லை. முதலாளியின் "அக்கா அழுத்தினது" கதை அங்கேயே விழுந்துவிடும்.

அந்த வரி இல்லாவிட்டால் நேரத்தைப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் 'டெவலப்பர் மோட்' என்பதைப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் கீழே 32 எழுத்தில் ஓர் அடையாளம் தெரியும். பயனர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டிஃபோல்ட், எக்ஸ்டென்ஷன்ஸ் என்று இறங்கினால் அதே 32 எழுத்துப் பெயரில் ஃபோல்டர் இருக்கும். அதன் 'புரொப்பர்ட்டீஸ்' திறந்து உருவான திகதியையும் நேரத்தையும் படம் பிடியுங்கள். உள்ளே இருக்கும் பதிப்பு எண் ஃபோல்டர் வேண்டாம், அது ஒவ்வொரு அப்டேட்டிலும் மாறும். ஏப்ரல் 28, பிற்பகல் 2 மணி என்று வந்து, மெஷினை 4 மணிக்குத்தான் எடுத்தீர்கள் என்றால், எக்ஸ்டென்ஷன் உள்ளே போனது கடையில்தான் என்று காட்டலாம். படம் பிடிக்காமல் அந்த ஃபோல்டரை பென்டிரைவில் கொப்பி பண்ணாதீர்கள். கொப்பியில் இன்றைய திகதிதான் விழும்.

இனி, ஆட்கள் வழக்கமாக விழும் குழிகள்.

முதல் குழி, "கொண்டு வாங்கோ, சும்மா கிளீன் பண்ணித் தாறோம்" என்பது. கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொல்லலாம். ஆனால் மெஷின் ஃபோர்மட் ஆகித் திரும்பி வரும், உங்கள் கையில் பில் மட்டும் மிஞ்சும். கோபத்தில் நீங்களே அன்இன்ஸ்டோல் செய்தாலும் இதே கதிதான்.

இரண்டாவது குழி பொலிஸ். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின் 5ஆம் பிரிவுக்கு, அதிகாரம் இல்லாமல், வேண்டுமென்றே என்ற இரண்டும் தேவை. மெஷினை நீங்களே கையில் கொடுத்து மென்பொருள் போடச் சொன்னீர்கள். அளவுக்கு மிஞ்சிச் செய்தார்கள் என்பது வேறு, ஹெக்கிங் வேறு. முறைப்பாடு எடுபட்டாலும் முதலில் போவது உங்கள் லப்டொப்தான், சான்றுப் பொருளாக. சீசன் முடிந்தாலும் திரும்பி வராமல் இருக்கலாம். விருந்தாளிகளின் பாஸ்போர்ட் கொப்பிகளும் அதற்குள் இருக்கின்றன. யாரும் யோசிக்காத இன்னொன்றும் உண்டு: அதில் உள்ள விண்டோஸுக்கும் ஒபிஸுக்கும் லைசன்ஸ் இருக்கிறதா? திருட்டுப் பிரதி என்று தெரிந்தே வியாபாரத்துக்குப் பாவிப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் குற்றம். முறைப்பாட்டுக்காரராகப் போய்க் குற்றம் சாட்டப்பட்டவராகத் திரும்பி வர வேண்டாம்.

மூன்றாவது, பேஸ்புக். கடையின் பெயரோடு 'ஹெக்கர்கள்', 'கள்ளர்' என்று எழுதினால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் வந்து விழும். 5,500 ரூபா பிரச்சினைக்கு அவதூறு வழக்கை விலை கொடுத்து வாங்குவீர்கள்.

1,80,000 ரூபாவை மறந்துவிடுங்கள். புக்கிங் தளத்துக்குள் ஃபோனில் போயிருக்கலாமே, இரண்டு நாள் ஏன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வி. அந்த இரண்டு நாளில் யார் வந்திருப்பார்கள் என்று காட்டவும் உங்களிடம் எதுவும் இல்லை. அந்தத் தொகைக்கு நீதிமன்றம் ஏறி இறங்கும் செலவே அதைத் தின்றுவிடும்.

என் ஆலோசனை, தீர்த்துக்கொள்ளுங்கள். படங்களைக் காட்டி 5,500 ரூபாவையும், வேறு கடையில் மெஷினைச் சரிசெய்யும் கூலியையும் கேளுங்கள். ஆட்கள் முன்னால் வேண்டாம், கடை பூட்டும் நேரத்தில் போங்கள். பெரும்பாலும் தருவார். ஆனால் காசு வாங்கும்போது 'முழுவதும் தீர்ந்தது' என்று நீட்டும் தாளில் உடனே கையெழுத்து வைக்காதீர்கள். புது எக்ஸ்டென்ஷன் உங்கள் பாஸ்வேர்ட்களைத் தன் கணக்குக்குள் இழுத்து வைத்திருக்கலாம். அந்தக் கணக்குக்குள் போய் அவற்றை அழித்து, கணக்கையும் மூடிய பிறகுதான் அன்இன்ஸ்டோல். முதலிலே அன்இன்ஸ்டோல் செய்தால் அவை அங்கேயே கிடக்கும், திறக்கும் வழி உங்களிடம் இராது. பிறகு புக்கிங், வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்ட்களை மாற்றுங்கள். லைசன்ஸ் தானாகப் புதுப்பிக்கும்படி உங்கள் கார்ட் பதிவாகியிருந்தால் அதையும் நிறுத்துங்கள். இவ்வளவும் முடிந்த பின் கையெழுத்து.

பேச்சு இழுபடலாம் என்பதால் திகதியை மறக்காதீர்கள். அதிகாரசபைக்கு எழுத்து மூல முறைப்பாடு, விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதங்களுக்குள் போக வேண்டும். ஏப்ரல் 28 என்றால் ஜூலை 27க்குள் கையில் கொடுத்துவிடுங்கள். "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று கடைக்காரர் நாலு தடவை சொன்னால் நாள் போய்விடும். அதிகாரசபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொன்னதை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரித்துக் கடிதத்தைக் கொடுத்து, கொப்பியில் திகதி முத்திரை வாங்குங்கள். கடிதத்தில் பில், நேரம், எக்ஸ்டென்ஷன் பெயர், கேட்கும் தொகை போதும். கணவர் கதை வேண்டாம்.

அந்த பில் வெப்பத்தாளில் அடித்ததாக இருந்தால் இன்றைக்கே போட்டோகொப்பி எடுங்கள். நம் ஊர் வெயிலில் மேசை லாச்சிக்குள் இரண்டு மாதம் கிடந்தாலே எழுத்து மங்கத் தொடங்கும். அந்த 1,000 ரூபா வரி வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.