பெங்களூரு அல்சூர்த் தமிழர் வரலாறு: மகளின் பள்ளிக் கட்டுரைக்கு யாரை எடுக்கலாம்?

வணக்கம் அம்மா. பெங்களூர்த் தமிழர் ஒருவரைப் பற்றி மகள் எழுத வேண்டும், வள்ளுவர் சிலையைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009-இல் திறக்கப்பட்ட அந்தச் சிலையைத்தான் வகுப்பில் பாதிப் பேர் எழுதுவார்கள், விட்டுவிடுங்கள்.

ஆற்காடு நாராயணசாமி முதலியாரை எடுக்கச் சொல்லுங்கள். கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவுக்கு எதிரே, இன்று உயர் நீதிமன்றம் இயங்கும் செக்கச்செவேலென்ற அட்டாரா கச்சேரிக் கட்டடத்தை ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் அவர்தான். 1868-இல் பணி முடிந்தது. சம்பாதித்ததைப் பெட்டியில் பூட்டாமல், 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். ஆர்.பி.ஏ.என்.எம். என்று அதன் பெயர்ப்பலகையில் பார்த்திருப்பீர்களே, அது அவர் பெயரின் சுருக்கம்தான். முன்னால் வரும் ஆர்.பி.யில் ஒளிந்திருப்பது ராவ் பகதூர் பட்டமோ என்று கேட்காதீர்கள், ராய் பகதூர்!

அண்ணாசாமி முதலியார் சாலையில் உள்ள தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் மகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.