பெரிதாகச் சாதிக்காத ஒரு விளையாட்டு வீரர் தலைசிறந்த வர்ணனையாளராக முடியுமா?

முடியும். அமெரிக்க பேஸ்பாலில் பாப் யூக்கர் அதற்குச் சாட்சி.

மில்வாக்கியில் பிறந்தவர். 1962இல் சொந்த ஊரின் பிரேவ்ஸ் அணியில் தொடங்கி, செயின்ட் லூயிஸ், பிலடெல்பியா, பிறகு அதற்குள் அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்துவிட்ட அதே பிரேவ்ஸ் என்று ஆறு பருவங்கள் ஆடினார். மொத்தம் 14 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி). பேட்டிங் சராசரி .200, அதாவது ஐந்து வாய்ப்பில் ஒன்றில்தான் அடி பலித்தது; மிகக் குறைவு. 1964இல் செயின்ட் லூயிஸ் உலகத் தொடரை, அதாவது பருவத்தின் இறுதித் தொடரை, வென்றபோது அணியில் இருந்தார்; ஓர் ஆட்டத்தில்கூட இறக்கப்படவில்லை.

‘வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொண்டது’ என்று அவரைப் பற்றிப் பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அவர் கேட்சர், கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி. மைதானம் முழுவதும் அவர் கண்முன் இருக்கும். அடுத்து என்ன பந்து வீசுவது என்று பிட்சருக்கு விரலால் சைகை காட்டுவதும் அவர்தான். மாற்று கேட்சர் என்பதால் மற்ற நாட்களில் பெஞ்சில் அமர்ந்து அதையே கவனித்தார். வர்ணனைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

1967ஐப் பாருங்கள். அட்லாண்டா பிட்சர் பில் நீக்ரோ வீசிய நக்கிள்பால் சுழலாமல் தள்ளாடி வரும். பிடிப்பவருக்கே அது எங்கே திரும்பும் என்று தெரியாது. அந்த ஆண்டு, இரு பெரும் லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அதிகப் பந்துகளைக் கோட்டைவிட்ட கேட்சர் யூக்கர்தான். ஆனாலும் அதையே துணிந்து வீசும்படி நீக்ரோவைத் தூண்டியவரும் அவரே. நீக்ரோ ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி அந்த ஆண்டு 1.87, லீகிலேயே மிகக் குறைவு. பழி தன் கணக்கில் ஏறினாலும் பிட்சர் வளரட்டும் என்று நினைத்த இந்த மனிதரைத்தான் நான் மதிக்கிறேன்.

1971இல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணியின் வானொலி வர்ணனையாளரானார். பேஸ்பாலில் பந்துக்கும் பந்துக்கும் நடுவே நிறைய நேரம் கிடக்கும். வானொலியில் அதை நிரப்பப் பேச்சு மட்டுமே உண்டு. யூக்கர் தம் தோல்விகளைக் கதைகளாக்கி நிரப்பினார். 1965இல் மாபெரும் பிட்சர் சாண்டி கோஃபேக்ஸின் பந்தில் ஹோம் ரன் அடித்தவர், ‘இதனாலேயே அவருக்குப் புகழ் மண்டபத்தில் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன்’ என்பார். 2003இல் வர்ணனைக்கான ஃபோர்டு ஃபிரிக் விருது அவருக்கே வந்தது.

2024 வரை, 54 பருவங்கள், அதே அணிக்குப் பேசினார். 2025 ஜனவரியில் 90 வயதில் மறைந்தார். இணையத்தில் அவருடைய நகைச்சுவைத் துணுக்குகளே அதிகம் கிடைக்கின்றன. முழு ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் ஓர் இன்னிங்ஸாவது கேளுங்கள்.