தொட்டியில் நான்கு கால்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ரோஜர்ஸின் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்வெட்டர் போடுவது, ஷூ மாற்றுவது எல்லாம் புரிகிறது. ஒரு படத்தில் அவரும் ஒரு கறுப்பினப் போலீஸ்காரரும் சின்னத் தொட்டியில் கால் நனைக்கிறார்கள். அதைப் பார்த்து எல்லோரும் நெகிழ்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் ஷூ. முந்தைய நிகழ்ச்சி ஒன்றில் ரோஜர்ஸ் திரைக்குப் பின்னால் ஓடி ஓடிப் பொம்மைகளை இயக்கினார். சத்தம் வரக்கூடாதென்று கான்வாஸ் ஷூவுக்கு மாறினார். ஸ்வெட்டர்கள் அவருடைய அம்மா பின்னியவை.

சரி, தொட்டிக்கு வருவோம். அந்தப் 'போலீஸ்காரர்' பிரான்சுவா கிளெமன்ஸ், தேர்ந்த பாடகர். கறுப்பர் குடியிருப்பில் வளர்ந்தவருக்குப் போலீஸ் உடுப்பென்றாலே கசப்பு. அந்த வேடத்துக்குத் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்.

காட்சி ஒளிபரப்பானது 1969-இல். அதற்கு 5 ஆண்டுகள் முன்பு, ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஒரு விடுதியின் வெள்ளையருக்கு மட்டுமான நீச்சல் குளத்தில் கறுப்பர்கள் இறங்கினார்கள். விடுதிக்காரர் அந்தத் தண்ணீரில் ஆசிட் ஊற்றினார். அந்தப் படமும் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் எந்தத் தண்ணீரில் இறங்கலாம் என்ற சண்டையை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் ரோஜர்ஸ் சமத்துவம் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வெயிலாக இருக்கிறதே, காலை நனைக்கிறீர்களா என்கிறார். துண்டு இல்லையே என்கிறார் கிளெமன்ஸ். என்னுடையது இருக்கிறதே என்கிறார் ரோஜர்ஸ். எனக்குத் தண்ணீரைவிடத் துண்டுதான் பெரிதாகப் படுகிறது. ஒரே குளத்தில் குளிக்கிறவர்கள்கூட ஒரே துண்டில் துடைத்துக்கொள்வதில்லை.

இதை வைத்து அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். கிளெமன்ஸ் தன்பாலீர்ப்பாளர். அது வெளியே தெரிந்தால் நிகழ்ச்சியில் நீடிக்க முடியாது என்று ரோஜர்ஸ் அவரிடம் சொல்லியிருக்கிறார். நிகழ்ச்சிக்குப் பணம் தருபவர்களைப் பற்றிய பயம். இதைக் கிளெமன்ஸே பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார், அன்பு குறையாமல்.

1993-இல் கிளெமன்ஸ் கடைசியாக வந்தபோது அதே தொட்டிக் காட்சியை மறுபடி எடுத்தார்கள். அந்த முறை கிளெமன்ஸின் கால்களை ரோஜர்ஸே துடைத்துவிட்டார். ரோஜர்ஸ் முறைப்படி பட்டம் பெற்ற போதகர்; இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய கதை அவருக்குத் தெரியாததல்ல.

அந்த இரண்டாவது படம் உங்கள் தொகுப்பில் இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.