காஸாவுக்குப் படை - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறேன். காஸாவுக்குச் சர்வதேசப் படை அனுப்ப ஐ.நா. பாதுகாப்பு அவை அனுமதி கொடுத்திருக்கிறது. இந்தியாவும் அதில் சேர வேண்டும் என்பது என் எண்ணம். குழந்தைகள் சாவதைத் தினமும் போனில் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஐ.நா. அமைதிப்படைகளில் நம் வீரர்கள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்திருக்கிறார்கள். நாம் போனால் பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் கேட்பதற்கும் வலு சேரும். போகாவிட்டால் பாகிஸ்தான் போய்ப் பெயர் வாங்கிக்கொள்ளும். ஆபத்து உண்டுதான். ஆனால் சாவதற்கும் தயாராகத்தானே ராணுவத்தில் சேர்கிறார்கள்? உங்கள் கருத்து என்ன?

ம.

அன்புள்ள தம்பிக்கு,

நவம்பரில் அந்தத் தீர்மானம் நிறைவேறியதிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்றிருந்தேன். உங்கள் கடிதம் வந்துவிட்டது. பிறத்தியார் வீட்டுக் குழந்தைக்காகத் தூக்கம் போகிற மனசு உங்களுக்கு இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

நிரந்தர இடத்தையும் பாகிஸ்தானையும் ஒதுக்கிவைக்கிறேன். எழுபது வருடமாகப் படை அனுப்பிக்கொண்டிருக்கிறோம், இடம் வரவில்லை. நாளைக்கே வரும் என்றாலும் அதற்காக ஒரு பையனைக்கூட அனுப்பக் கூடாது.

ஆனால் 'சாவதற்கும் தயாராகத்தானே' என்ற அந்த வரி இருக்கிறதே, அதை இனி எங்கேயும் எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊர் வேலூர் பக்கம். வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரி. சாக வேண்டும் என்று யாரும் சேரவில்லை. தங்கை கல்யாணம், அடமானத்தில் இருக்கும் நிலம், பதினைந்து வருடம் முடிந்தால் பென்ஷன், இதற்காகச் சேர்ந்தவர்கள் அவர்கள். உத்தரவு வந்தால் உயிரையும் கொடுப்பார்கள், உண்மை. அதனாலேயே அந்த உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று வெளியே நிற்கிற நாம் கேட்டாக வேண்டும். அவர்கள் கேட்க முடியாது.

காஸாவில் இந்தியப் படை ஏற்கெனவே பத்து வருடத்துக்கு மேல் இருந்தது, தெரியுமா? சூயஸ் போருக்குப் பிறகு 1956 நவம்பரில் அமைக்கப்பட்ட ஐ.நா. அவசரப் படையில் நம்மவர்களும் போனார்கள். காஸா எல்லைக் கோட்டில் ரோந்து போவதுதான் வேலை. தற்காப்புக்குத் தவிர சுடக் கூடாது. யாரிடமிருந்தும் எதையும் பறிக்கும் வேலை இல்லை. எகிப்து சம்மதித்ததால் எகிப்தின் பக்கம் நின்றார்கள். இஸ்ரேல் சம்மதிக்கவில்லை, அந்தப் பக்கம் கால் வைக்கவே இல்லை. 1967 மே மாதம் எகிப்து அதிபர் நாசர் கிளம்பச் சொன்னார். அப்போது அந்தப் படைக்குத் தளபதி நம்முடைய மேஜர் ஜெனரல் இந்தர்ஜித் ரிக்கி. கிளம்பிக்கொண்டிருக்கும்போதே ஜூனில் போர் வெடித்தது. இஸ்ரேலியத் தாக்குதலில் பத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் செத்துப்போனார்கள். இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் கண்டித்தார். அதோடு சரி, நாம் மறந்துவிட்டோம். அந்தப் படை போரைத் தடுக்கவில்லை என்று சொல்வார்கள். பத்து வருடம் அந்தக் கோட்டில் பெரிய சண்டை வராமல் இருந்ததே, அது சின்ன விஷயமா?

இப்போது கேட்கிற படை அந்த மாதிரி இல்லை. 2025 நவம்பர் 17-இல் நிறைவேறிய 2803-ஆம் தீர்மானத்தைப் படித்துப் பாருங்கள். ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. படை ஐ.நா. பொதுச் செயலாளரின் கீழ் வராது. டிரம்ப் தலைமையிலான அமைதி வாரியத்தின் கீழ் வரும். காஸாவிலுள்ள ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களை நிரந்தரமாகக் களைவதும் அதன் வேலைகளில் ஒன்று. ஹமாஸ் அதை உடனே நிராகரித்துவிட்டது. ஆயுதத்தைக் கொடுக்க மாட்டேன் என்பவனிடமிருந்து அதை எடுக்க ஒரே வழிதான் உண்டு. அந்த வழியில் போகிறவனை அமைதிப்படை என்று அழைக்க என் வாய் வராது.

இது நமக்குத் தெரியாத கதையா? வேறு எந்த ஊர்க்காரன் மறந்தாலும் தமிழன் மறக்கலாமா? 1987 ஜூலை 29-இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டிய புலிகள் அதில் கையெழுத்துப் போடவில்லை. மறுநாளே நம் படை யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் பலாலி விமானத் தளத்தில் இறங்கியது. ஆகஸ்ட் 5-இல் புலிகள் கொஞ்சம் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். செப்டம்பர் 26-இல் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5-இல் பலாலியில் பிடித்துவைக்கப்பட்டிருந்த புலிகள் சயனைட் கடித்தார்கள். அக்டோபர் 10-இல் நம் படை யாழ்ப்பாணத்தின் மேல் போர் தொடுத்தது. இறங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. புலிகளை நான் நியாயப்படுத்தவில்லை. அவர்கள் கையால் செத்த தமிழர்களும் ஏராளம். நான் சொல்வது படையை அனுப்பியவர்களைப் பற்றி.

என் சித்தப்பா அங்கே இருந்தார், ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில். தமிழ் தெரிந்தவர் என்பதால் எதற்கெடுத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். ஆகஸ்ட் மாதம் ஒழுங்கை ஒழுங்கையாக (அங்கே சந்தை அப்படித்தான் சொல்வார்கள்) ஜனங்கள் மாலை போட்டார்கள். கேட்டைத் திறந்து வந்து "தேத்தண்ணி குடியுங்கோ" என்று பனங்கட்டியோடு கொடுத்த ஒரு அம்மாவை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அக்டோபரில் அதே ஒழுங்கையில் அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். எல்லாரும் வீட்டை விட்டு நல்லூர் கோயிலுக்குப் போங்கள் என்று அறிவிக்க வேண்டும். அந்த அம்மா வெளியே வந்து, "தம்பி, மாடு கன்று போட்டு நாலு நாள்தான். அதை என்ன செய்யிறது?" என்று கேட்டாராம். உத்தரவில் மாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. சித்தப்பா மறுபடியும் மைக்கில் அறிவிப்பைப் படித்தார். "ஆர்டர் மாறிடுச்சுடா, ஆளுங்க நாங்க அதே ஆளுங்கதான்" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு இலங்கையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

அந்த அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் ராணுவம் நுழைந்தது. நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸுகள் என்று அறுபது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பும்வரை நம் பக்கம் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்று அவர் சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது. சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதும் புரிகிறது. செய்தவர்களை மன்னிக்கச் சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்குள் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்திய காகிதம் ஜூலையிலேயே எழுதப்பட்டுவிட்டது என்கிறேன்.

2003-இல் ஈராக்குக்கு ஒரு டிவிஷன், சுமார் 17,000 பேரை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டது. வாஜ்பாய் அரசு வாரக்கணக்கில் யோசித்தது, எதிர்க்கட்சியோடும் பேசியது. ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று ஜூலை 14-இல் சொல்லிவிட்டது. நல்ல முடிவு. ஆகஸ்ட் 19-இல் பாக்தாதில் ஐ.நா. அலுவலகமே குண்டுக்கு இரையாகி, அங்கே ஐ.நா.வின் தலைமைப் பிரதிநிதியாக இருந்த செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் செத்தார்கள். ஆனால் அன்றைக்குச் சொன்ன காரணம் இன்றைக்குப் போதாது. இப்போது ஐ.நா.வின் ஆணை இருக்கிறது. இனி ஆணை இருக்கிறதா என்று கேட்டால் பற்றாது. அதில் என்ன வேலை எழுதியிருக்கிறது, யார் சம்மதித்திருக்கிறார்கள், யார் சம்மதிக்கவில்லை என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆயுதம் களையும் வேலை இருக்கிறவரை இந்தியா ஒரு சிப்பாயைக்கூட அனுப்பக் கூடாது. அங்கே இருக்கும் மக்களும் ஆயுதம் வைத்திருப்பவர்களும் இஸ்ரேலும் ஒப்புக்கொண்டு, 1956 மாதிரி கோட்டில் நின்று பார்ப்பதுதான் வேலை என்றால் தாராளமாகப் போகலாம். அதுவரை ராணுவ மருத்துவர்களையும் கள மருத்துவமனையையும் அனுப்பலாம். அதற்கு இஸ்ரேல் வழிவிட வேண்டும் என்று நம் அரசு வாய் திறந்து கேட்க வேண்டும். அந்தக் குழந்தைகளுக்காக உங்களுக்கு வருகிற கோபத்தை இந்தப் பக்கம் திருப்புங்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.

அன்புடன்.