பூட்டிய அறையில் குணமாகும் நாயகர்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் தொலைக்காட்சியில் ஒரு படம் பார்த்தோம். குடித்துக் குடித்து எல்லாவற்றையும் இழந்த நாயகனை நண்பர்கள் ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். இரவு முழுக்க அலறுகிறான், கதவை இடிக்கிறான். விடிந்ததும் குளித்து, சவரம் செய்து, வேறு மனிதனாக வெளியே வருகிறான். அதன்பின் அவன் குடிப்பதே இல்லை.

என் அண்ணனுக்குப் பல வருடக் குடிப்பழக்கம். மருத்துவமனையில் சேர்த்தோம். வெளியே வந்து நடுவில் ஒருமுறை மறுபடி குடித்தார். மீண்டும் சிகிச்சை எடுத்து, இப்போது ஐந்து மாதமாகக் குடிக்காமல் இருக்கிறார். படம் முடிந்ததும் அம்மா, “நாமும் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்” என்றார். அண்ணன் எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டார். சினிமா ஏன் இதை இப்படியே காட்டுகிறது? குடியிலிருந்து மீள்வதை ஒழுங்காகக் காட்டிய படம் இருந்தால் சொல்லுங்கள். அதை அண்ணனுக்குப் போட்டுக் காட்டலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் அம்மாவுக்கு ஒரு செய்தி. அண்ணனை அப்படி அறையில் போட்டுப் பூட்டாமல் இருந்தீர்களே, அதுவே பெரிய நல்லது. வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு, குடியைச் சட்டென்று நிறுத்தினால் தாங்காது. சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சலும் மனக்குழப்பமும், இல்லாதவற்றைக் காண்பதும் கேட்பதும் சேர்ந்துகொள்ளும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அதனால்தான் மருத்துவர்கள் நாடித்துடிப்பைப் பார்த்துப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள், வைட்டமின் பி1 ஊசி போடுகிறார்கள். படத்தில் அந்த நாயகன் விடிகாலையில் சவரம் செய்துகொள்கிறான். நிஜத்தில் அந்த நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்தாலும் சிந்தும்.

இந்தக் காட்சி எனக்கு வெறும் ரசனைக் குறையாகத் தெரியவில்லை. இதைப் பார்த்துவிட்டு, நல்லெண்ணத்தோடு, ஒரு வீட்டில் யாராவது கதவைப் பூட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஏன் இப்படியே எடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அலறல், வியர்வை, கதவு, விடியல் என்று அந்த ஓர் இரவில் கேமராவுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. நடிகருக்கும் நடித்துக் காட்ட இடம் கிடைக்கிறது. உங்கள் அண்ணனின் ஐந்து மாதத்தில் படம்பிடிக்க என்ன இருக்கிறது? மாலை ஆறு மணி ஆகிறது, கைக்கு வேலை இல்லை. ஒரு விருந்தில் யாரோ கிளாசை நீட்டுகிறார்கள், வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேட வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வர இருபது நிமிடம் தாமதமானால், கதவைத் திறப்பவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மூச்சை முகர்கிறார். அது அவருக்கும் தெரிகிறது. தெரிந்தும் கோபப்படாமல் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுகிறார். மீட்சி என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. இதை இரண்டு மணி நேரம் அலுக்காமல் காட்டத் தெரிந்த இயக்குநர் வந்தால் அவரைக் கொண்டாடுவேன்.

பெரிய இயக்குநர்களும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். பில்லி வைல்டரின் ‘தி லாஸ்ட் வீக்கெண்ட்’ 1945-ல் வந்தது, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. பாட்டிலை ஒளித்து வைப்பது, ஒளித்த இடத்தை மறந்து வீட்டையே கவிழ்ப்பது, சுவரில் எலியும் வௌவாலும் தெரிவது எல்லாவற்றையும் கூசாமல் காட்டிய படம். ஆனால் முடிவில் நாயகன் சிகரெட்டை மதுக் கிளாசுக்குள் போட்டுவிட்டு நாவல் எழுதப்போவதாகச் சொல்கிறான். அவ்வளவுதான், குணமாகிவிட்டான். படத்துக்கு மூலமான சார்லஸ் ஜாக்சனின் நாவலில் அந்த ஆறுதல் கிடையாது.

நீங்கள் கேட்ட மாதிரியான படம் என்றால் பிளேக் எட்வர்ட்ஸ் 1962-ல் எடுத்த ‘டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்’ படத்தைச் சொல்வேன். கணவனும் மனைவியும் சேர்ந்தே குடிநோயில் விழுகிறார்கள். சாக்லேட் பிடித்த பெண்ணுக்குச் சாக்லேட் சுவையுள்ள மதுவிலிருந்துதான் பழக்கம் தொடங்குகிறது. அவன் ஒருமுறை நிறுத்துகிறான், மறுபடி விழுகிறான். பூந்தொட்டிக்குள் புதைத்த பாட்டிலைத் தேடி மாமனாரின் செடிகளையெல்லாம் பிடுங்கி எறிகிறான். பிறகு, குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ குழுவின் துணையோடு மெல்ல எழுகிறான். அவள் எழவில்லை. அவளை அவன் கடைசிவரை நேசிக்கிறான், அந்த நேசத்தால் அவளைக் குணப்படுத்த முடியவில்லை. இந்த ஒன்றுக்காகவே அந்தப் படத்தை மதிக்கிறேன். “அவளுக்காகக் குடியை விட்டான்” என்று முடியும் படங்கள் எத்தனை! அதைப் பார்க்கும் ஒரு மனைவி, நம் கணவர் இன்னும் விடவில்லையே, நம் அன்பில்தான் குறையோ என்று நினைக்காமல் எப்படி இருப்பார்?

நடுவில் அண்ணன் ஒருமுறை குடித்ததை எழுதியிருந்தீர்கள். சினிமாவில் அது துரோகம், இடைவேளைக்கு முன் வைக்கும் திருப்பம். மருத்துவர்கள் அதை நோயின் போக்கில் அடிக்கடி நிகழ்வதாகவே பார்க்கிறார்கள். சிகிச்சையை மாற்றிப் பார்க்க வேண்டிய நேரம் என்றுதான் சொல்வார்கள். குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரைக்கு அமெரிக்காவில் 1994-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. எந்த நாயகனும் அதை விழுங்கி நான் திரையில் பார்த்ததில்லை.

அண்ணனுக்குப் போட்டுக் காட்டலாமா என்றால், இப்போது வேண்டாம். அந்தப் படத்தை நீங்களும் அம்மாவும் பாருங்கள். கிளாசில் மது விழும் ஓசையே மீண்டு வருபவர்கள் சிலருக்கு வேட்கையைக் கிளப்பிவிடும். பின்னால் அவராகவே பார்க்கிறேன் என்றால் பார்க்கட்டும். பாதியில் எழுந்தால் ஏன் என்று கேட்காமல் நிறுத்திவிடுங்கள்.

அன்று அவர் எழுந்து போனதற்குப் படம் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே இரவில் தீர்ந்திருக்கும் என்று அம்மா சொன்னதும், அவர் பட்ட பாடெல்லாம் வீண் என்று ஆகிவிட்டது. அம்மா அவரிடம் தனியாகப் பேசட்டும். ஐந்து மாதம் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று கேட்கட்டும், அவர் சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளட்டும்.