பாயும் குதிரையின் கால்கள் எங்கே இருக்கும்?

கேள்வி: சென்ற இதழின் தொடர்கதைப் படத்தில், நாலுகால் பாய்ச்சலில் வரும் குதிரை நான்கு கால்களையும் வயிற்றுக்கடியில் சுருட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது. முன்னங்கால்கள் முன்னேயும் பின்னங்கால்கள் பின்னேயும் நீண்டிருப்பதுதானே பாய்ச்சல்? உங்கள் ஓவியர் குதிரையைப் பார்த்ததே இல்லையா? ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளைப் பார்த்தாவது அவர் ஓடும் குதிரையை வரையக் கற்றுக்கொள்ளட்டும்.
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஓவியர் வரைந்தது சரி. நீங்கள் கேட்கும் கோலத்தில், வேலியையோ பள்ளத்தையோ தாண்டினாலன்றி, எந்தக் குதிரையும் தரையை விட்டு எழும்புவதில்லை.

நாலுகால் பாய்ச்சலில் நான்கு குளம்புகளும் தனித்தனியே மண்ணைத் தொடுகின்றன. இடது பின்னங்கால் முதலில் ஊன்றினால், அடுத்து வலது பின்னங்கால், பிறகு இடது முன்னங்கால், கடைசியில் வலது முன்னங்கால் என்று பாரம் பின்னிருந்து முன்னாக நகர்ந்து வருகிறது. கடைசியாக ஊன்றிய அந்த ஒற்றை முன்னங்காலின் மேலாக உடல் முழுவதும் கடந்து சென்று, அந்தக் காலும் மண்ணை விட்ட பிறகே குதிரை அந்தரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில், வேலை முடிந்த முன்னங்கால்கள் பின்னோக்கி மடிந்திருக்கின்றன. அடுத்த ஊன்றலுக்காகப் பின்னங்கால்கள் முன்னோக்கி வந்துகொண்டிருக்கின்றன. நான்கும் வயிற்றுக்கடியில் கூடுவது இதனால்தான். முன்னங்கால்கள் முன்னே நீளும்போதோ, பின்னங்கால் ஒன்றாவது மண்ணில் ஊன்றியிருக்கும்.

நான்கையும் விரித்துக்கொண்டு பறப்பது கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாய்களுக்கும் சிவிங்கிப்புலிக்கும் இயல்பு. அவற்றின் முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிர்வதால், ஒரே சுற்றில் இரண்டு முறை, ஒருமுறை கால்களைக் குவித்தும் ஒருமுறை விரித்தும், அவை தரையை விட்டு எழும்புகின்றன. பெருங்குடலின் பாரத்தைச் சுமக்கும் குதிரையின் முதுகு அவ்வளவு வளைந்துகொடுப்பதில்லை. பழைய ஓவியர்கள் பலர் வரைந்தது, குதிரையின் உடலில் நாயின் ஓட்டத்தைத்தான்.

மற்ற நடைகளில் இந்தக் குழப்பம் குறைவு. சாதாரண நடையில் குதிரை தரையை விட்டு எழும்புவதே இல்லை. டிராட் எனப்படும் துள்ளோட்டத்தில் ஒரு பக்கத்து முன்னங்காலும் மறுபக்கத்துப் பின்னங்காலும் ஜோடியாக இயங்குவதால், ஜோடி மாறும் இடைவெளிகளில் நான்கு கால்களும் தரையை விடுகின்றன. கேன்டர் என்பது மூன்று தாளத்தில் அமைந்த மென்பாய்ச்சல். அதன் வேகம் கூடும்போது நடுவில் சேர்ந்து விழும் ஜோடி பிரிந்து, நான்கு தாளமாகி, நாலுகால் பாய்ச்சலாகிறது.

பந்தயக் குதிரை இந்த நான்கு ஊன்றல்களையும் ஓர் எழும்பலையும் அரை விநாடிக்குள் முடித்துவிடுகிறது. மனிதக் கண்ணால் இவற்றைப் பிரித்தறிய முடியாது. அதனால்தான், குதிரையோடு வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ கூட 1821இல் எப்சம் டெர்பி பந்தயத்தை வரைந்தபோது, நீங்கள் விரும்பும் அதே கோலத்தில் குதிரைகளைப் பறக்கவிட்டார். அந்த ஓவியம் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே, குளம்புகளில் காற்றழுத்தக் கருவிகளைப் பொருத்தி ஊன்றல்களின் வரிசையைப் பதிவுசெய்து, 1873இல் அதை நூலாகவே வெளியிட்டார். கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் ரயில்பாதை முதலாளியுமான லேலண்ட் ஸ்டான்போர்டின் பாலோ ஆல்டோ பண்ணையில், 1878 ஜூன் மாதம், எட்வர்ட் மைப்ரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடுபாதையின் குறுக்கே நூல்களைக் கட்டி, சாலி கார்ட்னர் என்ற குதிரையைப் பாயவிட்டுப் படமெடுத்தார். (25,000 டாலர் பந்தயத்துக்காக எடுத்த படங்கள் என்ற கதைக்கு அக்காலத்துச் சான்று எதுவும் கிடையாது.) குதிரை அந்தரத்தில் இருந்த படங்களில் கால்கள் வயிற்றுக்கடியில்தான் குவிந்திருந்தன. அதன் பிறகு தெகா போன்ற ஓவியர்கள் மைப்ரிட்ஜின் படங்களைப் பார்த்தே குதிரை வரைந்து பழகினார்கள்.

உங்கள் தரப்புக்கு நல்ல வக்கீல் ஒருவர் உண்டு; நீங்கள் அழைக்க மறந்துவிட்டதால் நானே அழைக்கிறேன். சிற்பி ரோடின், ஜெரிகோவின் ஓவியத்தை ஆதரித்து வாதிட்டவர். நிஜத்தில் காலம் உறைந்து நிற்பதில்லை; பின்னங்கால்கள் உந்தி முடித்த கணத்தையும் முன்னங்கால்கள் எட்டிப் பாயும் கணத்தையும் ஒரே உடலில் சேர்த்துக் காட்டும் ஓவியமே ஓட்டத்தை உணர்த்துகிறது; கேமராவின் படம் பாயும் குதிரையை அசையாமல் நிறுத்திவிடுகிறது என்பது அவர் கட்சி. ஓவியர் எதை வரையலாம் என்ற விவாதத்தில் இது வலுவான வாதம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் குற்றச்சாட்டு அதுவன்று. எங்கள் ஓவியர் குதிரையைப் பார்த்ததே இல்லை என்றீர்கள். குதிரையைப் பார்த்த கண்தான் இத்தனை நூற்றாண்டுகளாக ஏமாந்தது என்பதால், அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

இனி, சேஷராயர் மண்டபம். அங்குள்ள குதிரைகளைச் செதுக்கிய கைகளை நானும் வணங்குகிறேன். ஆனால் அவற்றில் ஒன்றுகூட ஓடவில்லை. பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களை உயர்த்தி, முதுகில் வீரனைச் சுமந்தபடி, கீழே இருக்கும் புலியையும் எதிரியையும் எதிர்கொள்ளும் போர்க்கோலம் அது. நடை, டிராட், கேன்டர், பாய்ச்சல் என்ற எந்த ஓட்ட வகையிலும் அதற்கு இடமில்லை. குதிரையின் கழுத்துத் திமிரையும் சேணத்தின் வேலைப்பாட்டையும் கற்றுக்கொள்ள ஓவியரை அங்கே தாராளமாக அனுப்பலாம். பாய்ச்சலைக் கற்றுக்கொள்ள, கிண்டி பந்தயத்தை மெதுவோட்டத்தில் காட்டும் ஒரு காணொளியே போதும்.