மெத்தை இருக்க மணலில் படுக்கும் நாய்

கேள்வி: எங்கள் நாய்க்கு ஆறு வயது. ஊர் நாய், கடுவன். இதுவரை கிணற்றடியில் மணலைக் கிளறிக் கிடங்கு தோண்டி அதற்குள்தான் படுத்து வந்தது. மாரி வரப்போகிறதே என்று கிளிநொச்சியில் றெக்சின் உறை போட்ட ஸ்பொஞ்ச் மெத்தை ஒன்று வாங்கி விறாந்தையில் போட்டோம். நாய் அதில் படுக்கவேயில்லை. ஒருமுறை அதன்மேல் சலம் விட்டது. பிறகு கடித்து இழுத்துக்கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டது. எப்படிப் பழக்குவது? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: இழுத்துக்கொண்டுபோய் எங்கே போட்டது என்று முதலில் பாருங்கள். கிணற்றடிப் பக்கமாக என்றால் பாதி வேலை முடிந்தமாதிரி. அதற்கு மெத்தையில் பெரிய வெறுப்பில்லை, விறாந்தைதான் பிடிக்கவில்லை. நாயைப் படுக்கைக்குக் கொண்டுவர மினக்கெடாமல், படுக்கையை நாயின் இடத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மெல்ல மெல்ல விறாந்தைக்கு நகர்த்துவதே சரியான வழி.

அது மணலைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் உண்டு. எங்களைப்போல் நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தும், மயிர் குறைந்த அடிவயிற்றைக் குளிர்ந்த நிலத்தில் ஒட்டவைத்தும்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஒரு சாண் ஆழத்து ஈரமணல் அதற்கு நல்ல இடம். றெக்சின் மூடிய ஸ்பொஞ்சில் காற்று ஓடாது. படுத்துச் சிறிது நேரத்தில் அடிப்பக்கம் வெக்கையாகும், எழும்பிப் போய்விடும். நகமும் வழுக்கும். ஏறும்போது கால் ஒருமுறை வழுக்கினால் அடுத்தமுறை ஏறத் தயங்கும். இரண்டாவது காரணம் காவல். பன்றியும் யானையும் வருகிற ஊர்களில் நாய் இரவில் அரைத்தூக்கம்தான். படலை தெரியாத மூலையில் எவ்வளவு மெதுவான படுக்கை போட்டாலும் நிம்மதியாகப் படுக்காது.

ஆகவே அந்த மெத்தையை அப்படியே போடவேண்டாம். சணல் சாக்கு ஒன்றுக்குள் அதை நுழைத்து வாயைத் தைத்துவிடுங்கள், அல்லது மெத்தையை எடுத்துவைத்துவிட்டு பழைய பருத்திச் சாரம், சேலைகளை மடித்து நாலைந்து சென்ரிமீற்றர் தடிப்பாகச் சாக்குக்குள் நிரப்புங்கள். ஆறு வயது நாய்க்கு எங்கள் தெரிவு இரண்டாவது. உரப்பை வேண்டாம்: வழுக்கும், சரசரக்கும், உரம் ஒட்டியிருந்தால் நக்கும்போது வயிற்றுக்குள் போகும். வைக்கோல் மாரியில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் கட்டிவிடும். தும்பு நல்லது, ஆனால் ஒற்றைச் சாக்கில் குத்தும், இரட்டைச் சாக்கு போடவேண்டும்.

அளவுக்கு, நாய் நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து 20 சென்ரிமீற்றர் கூட்டுங்கள். சாதாரண ஊர் நாய்க்கு அகலம் 60 சென்ரிமீற்றர் தாராளம். அடியில் பனஞ்சலாகைத் தட்டு ஒன்று அடித்து நான்கு மூலைக்கும் செங்கல் வைத்து 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயர்த்தினால் வெள்ளம் ஓடினாலும் படுக்கை நனையாது, கீழே காற்றும் போகும். சலாகைகளுக்கிடையில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், விரல் சிக்கும். ஆணித் தலை வெளியே நிற்கக்கூடாது. முக்கியமாக, தட்டு ஆடக்கூடாது. நீங்களே ஒரு காலை ஊன்றி அமர்த்திப் பாருங்கள். ஆடுகிற பலகையில் ஒருதரம் பயந்த நாயைத் திரும்ப ஏற்றுவது பெரும்பாடு.

இனிப் பழக்கும் முறை. வெறும் சாக்கு ஒன்றைக் கிணற்றடிக் கிடங்கில் இரண்டு மூன்று இரவு போட்டுவிடுங்கள். அது கிளறும், சுற்றும், சுருட்டும். விடுங்கள், படுக்குமுன் இடத்தைச் சரிசெய்வது நாயின் இயல்பு. இதில் அதன் மணம் ஏறிவிடும். இந்தச் சாக்கைக் கழுவாமல் புதிய படுக்கையின்மேல் விரித்து, கயிற்றால் நான்கு மூலையும் கட்டி, தட்டில்லாமல் அதே கிணற்றடியில் வையுங்கள். பின்னேரம் சாப்பிட்டு, வெளியே போய்வந்து, நித்திரை தூங்கும் நேரத்தில் கூட்டிப்போங்கள். முன்னங்கால் ஒன்று பட்டாலே, பெருவிரல் நகமளவு அவித்த முட்டைத் துண்டோ முள்ளில்லாத மீன் துண்டோ படுக்கையின்மேலேயே வையுங்கள். அடுத்து இரண்டு கால், அடுத்து முழுதாக ஏறினால், பிறகு படுத்தால் மட்டும். ஒருதடவைக்கு ஐந்தாறு துண்டு போதும். துண்டு கொடுக்கும்போதெல்லாம் "இடம்" என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைப் பயன்படுத்தவேண்டும்.

சோற்றுக் கோப்பையைப் படுக்கையில் வைப்பது பலர் செய்கிற பிழை. பருக்கை சிந்தும், எறும்பு வரும். நித்திரையில் எறும்பு கடித்தால் நாய் அந்த இடத்துப் பக்கமே வராது.

தொடர்ந்து இரண்டு இரவு தானாகவே படுத்தபின் நகர்த்தத் தொடங்குங்கள். நாளுக்கு ஒரு மீற்றர். பழைய கிடங்குக்குத் திரும்பிப் போனால் முதல்நாள் இருந்த இடத்துக்குப் படுக்கையைப் பின்னால் கொண்டுபோங்கள். விறாந்தையில் ஏற்றியபின்தான் தட்டை அடியில் வைக்கவேண்டும். இடமும் மணமும் உயரமும் ஒரே நாளில் மாறினால் எதற்குப் பயந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். விறாந்தையில் படலை தெரியும் பக்கமாக, முதுகுக்குச் சுவர் இருக்கும்படி வையுங்கள். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும், அந்தப் பக்கம் திறந்திருந்தால் தூவானம் படுக்கையை நனைத்துவிடும். ஒரு கிடுகுத் தட்டி மறைப்புக்குப் போதும். தகரக் கூரைக்கு நேர்கீழே வேண்டாம்: பகலில் வெக்கை, மழையில் இரைச்சல். ஐப்பசி இடிமழைக்கு முன்பே தொடங்கினால் நல்லது. பழகும் நாளில் இடி விழுந்தால் பயத்தையும் படுக்கையையும் நாய் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும்.

கழுத்துப்பட்டியில் பிடித்து இழுத்து ஏற்றுவது, படுக்கையோடு சேர்த்துச் சங்கிலியில் கட்டுவது, அதில் வைத்து உண்ணி பிடுங்குவது, மருந்து பருக்குவது, ஏசுவது ஒன்றும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்: நாய் படுக்கையில் நித்திரை என்றால் தொடக்கூடாது. திடுக்கிட்டு எழும்பும் நாய் கடிக்கும்.

சலம் விட்டது கோபத்தில் அல்ல. புதுமணத்தின்மேல் கடுவன் தன் மணத்தைப் போடும். தண்ணீரும் வினாகிரியும் சம அளவில் கலந்து துடைத்து வெயிலில் உலர்த்துங்கள். காரமான கிருமிநாசினி அடித்தால் அந்த நெடிக்கே ஒதுங்கும். அமோனியா கலந்த திரவமோ சலத்தின் மணத்தை ஒத்தது, திரும்பவும் அங்கேயே விடும். நித்திரையில் தெரியாமல் கசிந்தாலோ, அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ அது பழக்கம் சம்பந்தப்பட்டதல்ல, கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும். கடித்த ஸ்பொஞ்சை விழுங்கி, சத்தியெடுத்து, மலம் போகாமல் இருந்தால் ஒருநாளும் காத்திருக்கவேண்டாம். குடல் அடைபடலாம்.

உண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. நாயுண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் உடம்பில் அல்ல, படுக்கையிலும் சுவர் வெடிப்பிலும்தான் கழிக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். படுக்கைக்குப் பின்னாலுள்ள சுவர் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை உள்ளே நிரப்பிய துணியைக் கொதிநீரில் ஊறவைத்து வெயிலில் போடுங்கள். சலாகை இடுக்குகளுக்கும் கொதிநீர் ஊற்றுங்கள். மேல்சாக்கை மட்டும் அடுத்த வாரத்துக்கு விட்டுவையுங்கள். இரண்டையும் ஒரேநாளில் கழுவினால் மணம் போய்விடும், திரும்பப் பழக்கவேண்டிவரும். மண்ணெண்ணெய், கழிவு எண்ணெய் பூசுவது தோலை எரிக்கும், நக்கினால் நஞ்சு. பூச்சி உருண்டையும் படுக்கைக்குள் போடக்கூடாது.

பங்குனி, சித்திரை வெயிலில் நாய் படுக்கையை விட்டு மணலுக்குப் போனால் மறிக்காதீர்கள். சாக்கை உலர்த்திச் சுருட்டிவைத்து அடுத்த மாரிக்கு எடுங்கள். எதிலும் படுக்காமல் நீண்டநேரம் சுற்றிச் சுற்றி வந்தாலோ, எழும்பும்போது பின்கால் தடுமாறினாலோ மூட்டுநோவாக இருக்கலாம். அப்போது தட்டை 10 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்த்தவேண்டாம், எடுத்துவைத்த ஸ்பொஞ்சைச் சாக்குக்குள் போடலாம். வீட்டிலிருக்கும் பரசிற்றமோல், புரூபன் போன்ற குளிசைகளை வைத்தியரைக் கேளாமல் கொடுக்கவேண்டாம்.